லூயிஸ் பேர் டைட்டிலில் ஏறிய வரலாறு

சேசு மரி சூசை துணை

முதலியார்பேட்டை, புதுச்சேரி
1957 செப்டம்பர் 5, வியாழக்கிழமை

சைகோன் பட்டணத்தில் ஜவுளிக்கடை வைத்து நாலு பேர் மதிக்க வாழ்கிற என் மச்சான் பெரியநாயகத்துக்கு, உன் அக்காள் சூசைமேரியின் புருஷன் தைரியநாதன் எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்காள், கொல்லையில் கட்டியிருக்கும் பசு, நீ விட்டுப்போன சைக்கிள் எல்லோரும் சுகம். சைக்கிளுக்கு மட்டும் பின்சக்கரம் இல்லை. அங்கே நீயும் உன் சம்சாரமும் பிள்ளைகளும் மாதாவின் அடைக்கலத்தில் குறைவில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். விமானத் தபாலிலேயே பதில் வர இருபது நாள் ஆவதால் நம்பித்தான் ஆகவேண்டும்.

இப்போது நீ நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார்ந்துகொள். பாஸ்கு திருநாளுக்கு நீ எழுதிய கடிதம் என் முன்னால் இருக்கிறது. "சினிமாவுக்குப் போன பிள்ளைக்கு விலாசமும் கிடையாது, பொண்ணும் கிடையாது. லூயிஸை இங்கே அனுப்பிவையுங்கள், என் கடையில் துணி கிழிக்கட்டும்" என்று எழுதியிருக்கிறாய். உன் கையெழுத்துதான், தேதியும் போட்டிருக்கிறாய். அந்தக் கடிதத்தை வருகிற திங்களுக்கு அடுத்த திங்கள், பதினாறாம் தேதி, கல்யாணப் பந்தலில் எல்லோர் முன்னாலும் சத்தம்போட்டு வாசிக்கப்போகிறேன். யார் கல்யாணம் என்று கேட்கிறாயா? என் மகன் லூயிஸ் கல்யாணம். பெண் யார் என்று கேட்கிறாயா? பட்டாளத்துச் சவரிராயன் மகள் சகாயசெல்வி. கோவிலில் ஞாயிறு பூசையில் இரண்டு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று, வருகிற ஞாயிறு மூன்றாம் ஓலை. மேரி என்கிற நம் நகரசபை ஆபீஸ் வாசலில் கல்யாண விளம்பரம் ஒட்டியாயிற்று. முப்பத்தொரு வருஷம் அதே மேரியில் பிறப்பு, இறப்பு, கல்யாணம் மூன்றையும் பதிந்துகொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். அந்த வாசலில் என் வீட்டுப் பேர் ஒட்டியிருப்பதைப் பார்க்க இப்போதெல்லாம் தினமும் காய்கறிக்கு அந்த வழியாகத்தான் போகிறேன். காய்கறிக் கடை நேர் எதிர்த்திசையில் இருக்கிறது.

இது எப்படி நடந்தது என்று முறையாகச் சொல்கிறேன். லூயிஸ் கோவில் பாட்டுக் குழுவில் இருந்த காலத்திலேயே அந்தப் பெண்ணைத் தவிர வேறொருத்தியைக் கட்டமாட்டேன் என்று உன் அக்காளிடம் சொல்லிவிட்டான். பெண்ணும் அப்படியே. இரண்டு தாய்மாருக்கும் சம்மதம். எனக்குக்கூட, பையன் சொல்லாமல்கொள்ளாமல் மெட்ராஸுக்கு ஓடிப்போன கோபம் தீர்ந்த பிறகு, சம்மதம்தான். இடித்துக்கொண்டு நின்றவர் சவரிராயன் ஒருத்தர். அவரை உனக்குத் தெரியாது. பதினைந்து வருஷம் பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் இருந்தவர், சிரியாவையும் உன் சைகோனையும் பார்த்தவர். தலையில் எந்நேரமும் தொப்பி, கக்கத்தில் எந்நேரமும் ஒரு தகரக் குழாய். குழாய்க்குள் அவருடைய தாள்கள். பென்ஷன்காரர் என்பதால் ஒவ்வொரு வருஷமும் மேரிக்கு வந்து, தான் இன்னும் உயிரோடு இருப்பதாகச் சான்று வாங்கிக்கொண்டு போவார். நான்தான் எழுதிக் கொடுப்பேன். எதிரே நின்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற மனுஷனைப் பார்த்து, இவர் உயிரோடு இருக்கிறார் என்று எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரும், அவருக்கு வராது.

ஜூலை மாதம் நானும் உன் அக்காளும் தட்டு எடுத்துக்கொண்டு போனோம். மனுஷர் மரியாதையாகத்தான் பேசினார். காப்பி கொடுத்தார். பிறகு, "முசியே, பையன் நல்ல பையன்தான். நான் இல்லேங்கல. ஆனா தாள்ல இல்லாத மனுஷன எனக்குத் தெரியாது," என்றார். பிறப்புப் பதிவின் நகல் கொடுத்தேன். ஞானஸ்நான நகல் கொடுத்தேன். இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். வேலையில் இருப்பதற்குத் தாள் எங்கே என்றார். பிறப்புப் பதிவில் பேர் எப்படி எழுதியிருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கவேண்டும், மாதா பரலோகத்துக்கு எழுந்தருளின திருநாளுக்குள் காட்டவேண்டும், இல்லாவிட்டால் தன் மனைவியின் அண்ணன் மகன் ஒருத்தன் சுங்கச்சாவடியில் தாளோடு காத்திருக்கிறான் என்றார். கதவுக்குப் பின்னால் அந்தப் பெண் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் எனக்குக் கேட்டது. திருநாள் ஆகஸ்டு பதினைந்து. எனக்கு இருந்தது ஐந்து வாரம்.

அன்றைக்கே லூயிஸுக்கு எழுதினேன், வேலைத் தாள் அனுப்பு என்று. அவன் பதில் போட்டான். ஸ்டூடியோவில் தாளெல்லாம் கிடையாதாம், எல்லாம் வாய்ச்சொல்தானாம். "ஒண்ணாம் தேதி எங்க படம் அங்கே வருது. டைட்டிலைப் பாருங்க அப்பா, என் வேலை அதுல இருக்கு" என்று எழுதியிருந்தான். எனக்கு அது போதும். திரையும் ஒரு தாள்தானே, கொஞ்சம் பெரிய தாள், அவ்வளவுதான். படத்தின் பேர் உனக்கு எதற்கு, ராஜா ராணி கதை, ஆரம்பத்திலேயே ஒரு யானை வரும். ஆகஸ்டு ஒண்ணாம் தேதி சவரிராயனையும் அவர் குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு ரயிலடிப் பக்கத்துக் கொட்டகைக்குப் போனேன். நீ பார்க்கவேண்டும், அந்தக் கொட்டகையில் டைட்டில் என்றால் என்ன மரியாதை என்று. ஆபரேட்டர் ஆதிமூலம் படத்தைத் தொடங்கிவிடுவான், விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், கதவு திறந்தே இருக்கும், சோடாக்காரன் குறுக்கே போவான், பெண்டுகள் பாய் விரித்து இடம் பிடிப்பார்கள், யானை வந்த பிறகுதான் விளக்கை அணைப்பான். வெள்ளைத் திரையில் வெள்ளையாக என்னவோ ஓடியது. சவரிராயன் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வதற்குள் ராணி அழ ஆரம்பித்துவிட்டாள்.

மறுநாள் நான் தனியாகப் போனேன். மணல் தரையில் முதல் வரிசைக்கும் முன்னால், திரைக்கு மூன்று முழம் தள்ளி நின்றுகொண்டேன். பின்னாலிருந்து உட்காருய்யா என்றார்கள், வேர்க்கடலைத் தொலி எறிந்தார்கள். அசையவில்லை. மச்சான், மெட்ராஸ்காரர்கள் பேரெழுதுகிற லட்சணத்தை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். அவர்களுக்கு எல்லாம் இங்கிலீஷ் முறை. நம் மேரியில் பிரெஞ்சு முறைப்படி முத்து என்று எழுத ஏழு எழுத்து வேண்டும், அவர்கள் ஐந்தில் முடித்துவிடுகிறார்கள். நம் ஆதிமூலத்துக்கு வாலில் ஒரு ஈ உண்டு, அவர்கள் ஆதிமூலம் வாலறுந்து நிற்கிறான். சரி, இங்கிலீஷையாவது ஒழுங்காக எழுதுகிறார்களா? கலர் என்ற வார்த்தைக்கு ஒரு படத்தில் லண்டன்காரனைப் போல யு போடுகிறார்கள், அடுத்த படத்தில் அமெரிக்காக்காரனைப் போல யுவைத் தின்றுவிடுகிறார்கள். கேட்பாரில்லை. ஆனால் ஒன்று சொல்லவேண்டும், எழுத்து என்னவோ மணிமணியாக இருந்தது. அதற்குள், ஒலிப்பதிவு உதவி என்ற இடத்தில் மூன்று பேர் வந்தது. மூன்றாவது பேர் லூயிஸ். எல், ஈ, டபிள்யூ, ஐ, எஸ். நான் அப்படியே சிலுவை போட்டுக்கொண்டேன். நம் பிள்ளைதான், மெட்ராஸ்காரன் தன் வழக்கப்படி ஓ யு போடவேண்டிய இடத்தில் ஈ டபிள்யூ போட்டுவிட்டான், வேறென்ன.

சவரிராயனைத் திரும்பக் கூட்டிக்கொண்டுபோய் அதே இடத்தில் நிறுத்திக் காட்டினேன். பார்த்தார். குழாயிலிருந்து பிறப்புப் பதிவின் நகலை எடுத்து ஆபரேட்டர் அறை வெளிச்சத்தில் பார்த்தார். "இது வேற ஆளு முசியே," என்று சொல்லி நகலைச் சுருட்டி உள்ளே போட்டுவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால், உத்தியோகத்தில் இருந்தபோது நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். வாலில் ஒரு எழுத்துக் கூடிப்போய் நாலு வருஷம் பென்ஷனுக்கு அலைந்தவர்களை எனக்குத் தெரியும், அலையவிட்டவர்களில் நானும் ஒருத்தன். பதிவில் பிழை இருந்தால் திருத்துவதற்கு முறை உண்டு. அந்த முறை இந்தப் புதுச்சேரியில் என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? உன் அக்காள் மட்டும், முதலில் லூயிஸுக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்களேன் என்றாள். மேரியில் ஒரு பேரைத் திருத்தும்போது அந்தப் பேருக்குச் சொந்தக்காரனைக் கேட்கிற வழக்கமே கிடையாது, பிள்ளை பிறந்தால் தகப்பன் வந்து சொல்கிறான், நாங்கள் எழுதுகிறோம், பிள்ளையையா கேட்கிறோம் என்றேன். அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

முத்திரைத்தாள் வாங்கினேன். பிரெஞ்சில் நாலு பக்கம், என் வாழ்நாளில் அப்படி ஒரு மனு எழுதினதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழாம் வருஷம் ஆகஸ்டு மாதம் மூன்றாம் தேதி என்று தொடங்கி, என் பேர், என் தகப்பன் பேர், நான் பிறந்த தேதி, என் மகன் பிறந்த மணி, பதிவு எண், படத்தின் பேர், பேர் வந்த இடம், இருக்கிற எழுத்து, இருக்கவேண்டிய எழுத்து, எல்லாம் போட்டு, தயவுசெய்து திருத்திக்கொடுக்கும்படி வேண்டினேன். திருத்தம் சம்பந்தப்பட்ட எந்தத் தாளிலும் நாங்கள் திரிபுனல், அதாவது கோர்ட்டு, பேரைத் தலைப்பில் குறிப்பது வழக்கம், குறித்தேன். என் சகல உரிமைகளையும் காப்பாற்றி வைத்துக்கொள்கிறேன் என்று முடிப்பதும் வழக்கம், முடித்தேன். நாம் கடிதத்தின் கடைசியில் சுகம் சுகம் என்று எழுதுவதற்கு மேல் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. இரண்டு சாட்சிக் கையெழுத்து, பதிவாளர் அலுவலகத்தில் நீல முத்திரை, சிவப்பு அரக்கு. ரிஜிஸ்தர் தபாலில் ஸ்டூடியோவுக்கு அனுப்பினேன்.

ஐந்து நாள் பதில் இல்லை. ஆறாம் நாள், ஆகஸ்டு ஒன்பதாம் தேதி, நம் தெருவுக்குள் ஒரு கார் வந்தது. தெருவே வெளியே வந்துவிட்டது. காரிலிருந்து ஸ்டூடியோ மானேஜர் ஜானகிராமன் என்பவர் இறங்கினார், கையில் ஒரு கூடை ஆப்பிள் பழம். மனுஷருக்குச் சட்டை முழுக்க வேர்வை. பிறகு அவரே சொல்லித் தெரிந்துகொண்டேன், நடந்தது இதுதான். அந்தத் தாளை அங்கே ஒருத்தருக்கும் படிக்கத் தெரியவில்லை. வக்கீலிடம் காட்டியிருக்கிறார்கள். வக்கீலுக்குப் புரிந்தது மூன்றே விஷயம்: படத்தின் பேர், திரிபுனல், அரக்கு முத்திரை. படத்துக்குத் தடை வாங்கிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டார். தடையை உடைக்க எந்தக் கோர்ட்டுக்குப் போவது என்று கேட்டதற்கு, புதுச்சேரி இந்தியாவோடு சேர்ந்தும் இருக்கிறது, தாளில் இன்னும் சேராமலும் இருக்கிறது, சட்டமெல்லாம் பிரெஞ்சுச் சட்டம், மேலே போனால் பாரிஸுக்குப் போகவேண்டி வரலாம் என்றிருக்கிறார். முதலாளி ராத்திரியெல்லாம் தூங்கவில்லையாம்.

ஜானகிராமன் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "ஸ்டேயை எப்ப சார் எடுப்பீங்க? அடுத்த வாரம் பம்பாய்க்குப் பிரிண்ட் போகணும்," என்றார். தடை கேட்கவே இல்லை, தயவு கேட்டேன் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தேன். வாசலில் தெரு முழுக்க நிற்கிறது, சவரிராயனும் தொப்பியோடு நிற்கிறார். மூடிக்கொண்டேன். பொய் சொல்லவில்லை மச்சான், சும்மா இருந்தேன், அதை எந்தச் சாமியாரும் பாவமென்று சொல்லமாட்டார். பேரைத் திருத்துங்கள், மற்றதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அந்த மனுஷருக்கு நம்பிக்கையே வரவில்லை. இவ்வளவுதானா என்று மூன்று தடவை கேட்டார். பிறகு என்னவோ யோசித்து, அந்த லூயிஸை ஒரு வார்த்தை கேட்கவேண்டாமா என்று இழுத்தார். "நான் அவனப் பெத்தவன். அவன் பேர மேரியில என் கையால எழுதினவன். என்னைக் கேட்டா போதும்," என்றேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, புறப்பட்டுப் போய்விட்டார். ஆப்பிளைத் தெருவுக்கெல்லாம் ஆளுக்கு ஒரு கீற்றாக உன் அக்காள் கொடுத்தாள்.

பதிமூன்றாம் தேதி பஸ்ஸில் ஒரு தகர டப்பா வந்தது. அதற்குள் பிலிம், நாலு விரற்கடை அகலத்துக்குச் சுருட்டி வைத்த சின்னச் சுருள். பழைய பேர் இருக்கிற துண்டை வெட்டிவிட்டு இதை ஒட்டவேண்டும். ஆதிமூலம் ஒட்டித் தருகிறேன் என்றான், ஆனால் டைட்டிலுக்கு விளக்கை அணைக்கமாட்டேன், கதவைச் சாத்தமாட்டேன் என்று முரண்டு பிடித்தான். முப்பது வருஷமாக இந்த ஊரில் டைட்டில் பார்க்க ஒருத்தர் வந்ததில்லையாம், இருட்டில் உள்ளே வருகிறவர்கள் ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுவார்களாம், சோடா போணியாகாதாம். டைட்டில் பார்க்க எத்தனை பேர் வேண்டும் உனக்கு என்று கேட்டேன். கொட்டகை நிறைய வேண்டும் என்றான் அந்தக் குசும்பன். நிறைத்தேன். முதலியார்பேட்டையில் ஒரு வீடு விடவில்லை. யாருக்கெல்லாம் பிறப்புப் பதிவு எழுதினேனோ அவர்களையெல்லாம் கூப்பிட்டேன், அப்படிப் பார்த்தால் இந்த ஊரில் முப்பது வயதுக்குக் கீழே இருக்கிற அத்தனை பேரும் எனக்குக் கடன்பட்டவர்கள்தான். மறுநாள் திருநாள், இன்றைக்கு உபவாசம், சினிமாவுக்குப் போகலாமா என்று கோவில் உபதேசியார் கேட்டார். சாப்பிடாமல் பார்க்கலாம் என்றேன். வந்துவிட்டார்.

பதினாலாம் தேதி சாயங்கால ஆட்டம். ஆறு மணிக்கெல்லாம் தரை, பெஞ்சு, நாற்காலி மூன்றும் நிறைந்து, சுவர் ஓரம் நிற்கிறார்கள். சவரிராயன் நடு நாற்காலியில், மடியில் குழாய். அடுத்த வரிசையில் சகாயசெல்வி, தலையை நிமிர்த்தவே இல்லை, ஜெபமாலை உருட்டிக்கொண்டிருக்கிறாள். உன் அக்காள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், கல்யாணமான நாளிலிருந்து வெளியிடத்தில் அவள் அப்படிச் செய்ததில்லை. ஆதிமூலம் கதவைச் சாத்தினான். விளக்கை அணைத்தான். கொட்டகையில் குஞ்சு குளுவான்கூட வாய் திறக்கவில்லை. முதலாளி பேர் போயிற்று, கதை போயிற்று, நடிகர்கள் போனார்கள், ஒருத்தரையும் நாங்கள் சட்டை செய்யவில்லை. ஒலிப்பதிவு வந்தது. ஒலிப்பதிவு உதவி வந்தது. முதல் பேர், இரண்டாம் பேர், அதற்குக் கீழே, எல், ஓ, யு, ஐ, எஸ். லூயிஸ். நம் மேரி எழுத்தில், கோடாலி உயரத்துக்கு, பால் மாதிரி வெள்ளையாக. நாலு வினாடி நின்றது. எனக்குக் கண் தெரியவில்லை, மச்சான், நான் அழுதுவிட்டேன், வெட்கமில்லாமல் சொல்கிறேன். கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி கை தட்டினார்கள். யானைக்குக்கூட அவ்வளவு தட்டினதில்லை. விஷயம் தெரியாமல் வந்த நோணாங்குப்பத்து ஆட்கள் நாலு பேர், லூயிஸ்தான் புதுக் கதாநாயகன் என்று நினைத்து விசிலடித்துவிட்டு, அவன் எப்போது வருவான் என்று கடைசி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

படத்தை நிறுத்தச் சொல்லி, திரும்பச் சுற்றி, இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார் சவரிராயன். ஆதிமூலம் ஓட்டினான். எழுத்துக்கு எழுத்து நகலோடு ஒத்துப் பார்த்தார். அப்புறம் எழுந்து நின்று, தொப்பியைக் கழற்றி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு, "பொண்ணு உங்க வீட்டுப் பொண்ணு, சம்பந்தி," என்றார். சம்பந்தி என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆனாலும் அவர் சும்மா விடுகிற ஆளா, திரையைச் சுருட்டிக் குழாய்க்குள் வைக்க முடியாதே, எனக்கு ஒரு தாள் வேண்டும் என்றார். அங்கேயே, சோடாக் கடைப் பெட்டிமேல் வைத்து, இன்ன நாள் இன்ன மணிக்கு இன்ன கொட்டகையில் இன்ன பேர் இன்ன எழுத்துகளில் தெரிந்தது என்று நான் ஒரு பத்திரம் எழுதினேன். உபதேசியார் சாட்சி, ஆதிமூலம் சாட்சி. அதற்குப் பிறகு எட்டுத் தடவை அந்தப் பேரைப் போய்ப் பார்த்துவிட்டேன், பேர் வந்ததும் எழுந்து வந்துவிடுவேன். ராணி கடைசியில் என்ன ஆனாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஆகவே மச்சான், விலாசமும் இல்லை, பொண்ணும் இல்லை என்று நீ தீர்ப்பு எழுதின பிள்ளைக்கு, இரண்டும் உன் மாமன் கையால் வந்து சேர்ந்தது. உன்னால் கல்யாணத்துக்கு வரமுடியாது என்று தெரியும், ஆனால் எனக்குத் தெரியாது என்று நாளைக்கு நீ சொல்லக்கூடாது, அதற்குத்தான் இதை விமானத்தில் அனுப்புகிறேன். மாப்பிள்ளைக்குக் கோட்டுத் துணி மூன்று கஜம் அனுப்பு, கடையில் விலைபோகாத துணியை அனுப்பாதே. உன் வீட்டில் பெரியவர்களுக்கு எங்கள் தோத்திரமும், பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒரு முத்தமும், உனக்கு என் மன்னிப்பும் இதோடு வருகிறது. மாதா உங்கள் எல்லோரையும் தம் போர்வைக்குள் வைத்துக் காப்பாற்றுவாராக.

இப்படிக்கு,
பேர் திருத்தி வெற்றி கண்ட உன் மாமன்,
தைரியநாதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகிற நேரத்தில் லூயிஸ் மெட்ராஸ் பஸ்ஸில் வந்து இறங்கினான். ஒட்டாமல் வைத்துவிட்டு மேலே எழுதுகிறேன். பந்தலில் உன் கடிதத்தை வாசிப்பது பற்றி நான் எழுதியதை மறந்துவிடு.

வந்தவனை உட்காரவைத்து நடந்ததையெல்லாம் சொன்னேன். சிரிப்பான் என்று பார்த்தால் முகம் சுண்டிப்போய்விட்டது. கையைப் பிசைந்துகொண்டு, "அப்பா, அந்த லூயிஸ் நான் இல்லப்பா," என்றான். பெரம்பூரில் ரயில்வேக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவர் இருக்கிறாராம், சட்டைக்காரர், அதாவது ஆங்கிலோ இந்தியர், ஒலிப்பதிவில் உதவி. ஈ டபிள்யூ போட்டு எழுதுவதுதான் அவர் பேராம். மெட்ராஸ்காரன் ஒன்றும் பிழை விடவில்லை. நல்ல வேளையாகப் புதுச்சேரிப் பிரதியில் மட்டும்தான் மாற்றினார்களாம், மற்ற ஊர்களிலெல்லாம் அவர் பேர் அவர் பேராகவே ஓடுகிறது. தன் பேர் இங்கே மாறிய விஷயம் தெரிந்து அவர் வயிறு வலிக்கச் சிரித்து, கல்யாணத்துக்கு ஒரு கேக் கொடுத்தனுப்பியிருக்கிறார். கேக் மேஜைமேல் இருக்கிறது. எனக்கு அதைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது.

அப்படியானால் நீ அங்கே என்னதான் செய்கிறாய் என்று கேட்டேன். விரல்களை நீட்டிக் காட்டினான். நகக்கண் முழுக்க வெள்ளைச் சாயம். அவன் டைட்டில் எழுதுகிறவனாம். கறுப்பு அட்டையில் தூரிகையால் எல்லோர் பேரையும் எழுதுவது அவன் வேலை. எழுதுகிறவன் பேரை எழுதுகிற வழக்கம் கிடையாதாம். ஸ்டூடியோவில் அவன் பேர்கூட யாருக்கும் தெரியாது, பாண்டி என்றுதான் கூப்பிடுவார்களாம். "மானேஜர் வந்து, டேய் பாண்டி, இந்தப் பேர இப்படி மாத்தி எழுதுன்னாரு. எதுக்குன்னு சொல்லல. என் பேர நானே எழுதினேன்பா. மூணு அட்டை பாழாப்போச்சு," என்றான். முப்பத்தொரு வருஷம் ஊர்ப் பேரெல்லாம் எழுதிவிட்டு வந்தவன் நான், ஒரு பதிவிலும் எழுதினவன் என்று என் பேரைப் போட்டுக்கொண்டதில்லை.

பொய்ப் பத்திரத்தை அவர் குழாயில் விட்டுவைக்க எனக்கு மனம் கேட்கவில்லை. அப்போதே லூயிஸையும் கூட்டிக்கொண்டு சவரிராயன் வீட்டுக்குப் போய், உள்ளதை உள்ளபடி சொல்லி, பத்திரத்தைத் திருப்பிக் கொடுங்கள், கல்யாணம் உங்கள் இஷ்டம் என்றேன். சகாயசெல்வி கதவண்டை நின்றுகொண்டிருந்தாள், இந்தத் தடவை ஒளிந்துகொள்ளவில்லை. சவரிராயன் தொப்பியைக் கழற்றிக் குழாய்மேல் வைத்தார். பிறகு சொன்னார்: "உக்காருங்க சம்பந்தி. சவரிராயன்ங்கறது எங்க அண்ணன். ரெண்டு வயசுல போயிட்டான். பட்டாளத்துல சேர எனக்கு வயசு பத்தல, அவன் தாளத் தூக்கிக்கிட்டுப் போயிட்டேன். என் பேரு மரியசூசை. நாப்பது வருஷமாச்சு, அந்தப் பேரச் சொல்லி யாரும் கூப்பிடல."

இறந்துபோன இரண்டு வயதுக் குழந்தை உயிரோடு இருப்பதாக வருஷா வருஷம் நானே கையெழுத்துப் போட்டுச் சான்று கொடுத்திருக்கிறேன், மச்சான். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. பத்திரத்தைக் கிழிப்போமா என்று கேட்டேன். இருக்கட்டும், அதில் எழுதியிருக்கிற பேராவது பையன் சொந்தப் பேர் என்றார். மூன்றாம் ஓலை ஞாயிற்றுக்கிழமை. கல்யாணம் பதினாறாம் தேதிதான். இதை நீ யாரிடமும் சொல்லக்கூடாது, முக்கியமாகப் பிரெஞ்சுக்காரர் யாரிடமும்.

நாளையோடு படத்தை எடுத்துவிடுகிறார்களாம். சாயங்கால ஆட்டத்துக்கு நான், உன் அக்காள், மரியசூசை சம்பந்தி மூவரும் இப்போது கிளம்புகிறோம். கதவைச் சாத்தி விளக்கை அணைக்கும்படி ஆதிமூலத்துக்குச் சொல்லியனுப்பிவிட்டேன். எட்டுத் தடவை போயும் நான் ஒரே ஒரு பேரைத்தான் பார்த்திருக்கிறேன். முதலாளி பேரிலிருந்து கடைசிப் பேர் வரைக்கும் மொத்தம் நாற்பத்திரண்டு பேராம், லூயிஸ் சொன்னான். அத்தனையும் என் பிள்ளை கையெழுத்து. நேரமாகிறது, ஒன்றைக்கூட விடக்கூடாது, போகிறேன்.